செயலிழந்த எரிபொருள் மானியச் சட்டத்தை நீக்க ஒற்றை வரி போதுமா? ஆஸ்திரேலியாவின் 1965 சட்டத்தை முன்வைத்து

வரைவுமேசை (இழையைத் தொடங்கியவர்)

தொலைதூரப் பகுதிகளுக்கான எரிபொருள் மானியச் சட்டங்கள் பல நாடுகளில் பணம் போவது நின்ற பிறகும் ஏட்டில் கிடக்கின்றன. இவற்றை நீக்கும்போது "இச்சட்டம் இதனால் நீக்கப்படுகிறது" என்ற ஒரு வரியோடு முடித்துவிடலாம், மிச்சத்தைப் பொதுவான பொருள்கோள் சட்டம் (மற்றச் சட்டங்களை எப்படிப் படிப்பது, நீக்கினால் என்ன விளைவு என்று சொல்லும் சட்டம்) பார்த்துக்கொள்ளும் என்கிறது ஒரு தரப்பு. போதாது என்பது என் கருத்து. இங்கே வரைவு, தணிக்கை, எரிபொருள் விநியோகம் தெரிந்தவர்கள் இருப்பதால் விரிவாகப் பேசலாம் என்று தொடங்குகிறேன்.

மாதிரிக்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1963 தேர்தலில் பிரதமர் மென்ஸீஸ் கொடுத்த வாக்குறுதி, நாட்டின் எந்த மூலையிலும் பெட்ரோல் விலை தலைநகர விலையைவிட கேலனுக்கு 4 பென்னிக்கு மேல் போகக் கூடாது என்பது. அதற்காக 1965-இல் மாநிலங்களுக்கான மானியங்கள் (பெட்ரோலியப் பொருட்கள்) சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 96-ஆம் பிரிவின்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு நிபந்தனையோடு பணம் கொடுக்கும். மாநிலங்கள் தத்தம் துணைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற விநியோகஸ்தர்களுக்கு அதைக் கொடுக்கும். எந்த ஊருக்கு என்ன விகிதம் என்பது அமைச்சர் வகுக்கும் திட்டத்தின் அட்டவணையில் இருக்கும்.

ஆக மத்தியச் சட்டம், மாநிலச் சட்டம், திட்டம், ஊர் அட்டவணை என்று நான்கு அடுக்கு. மேலடுக்கை மட்டும் உருவினால் கீழே உள்ள மூன்றும் அந்தரத்தில் நிற்கும். அதுதான் என் கவலை.

டேங்கர்கணக்கு

முதலில் கவனிக்க வேண்டியது கடைசி நாள் கணக்கு. மானியம் பெறும் உரிமை எந்தக் கணத்தில் பிறக்கிறது? டிப்போவில் லோடு ஏற்றும்போதா, பங்க் தொட்டியில் இறக்கும்போதா, வாடிக்கையாளர் வண்டியில் ஊற்றும்போதா? பழைய சட்டங்களில் "விற்பனை" என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. நிறுத்தும் நாளில்தான் பிரச்சினை வெடிக்கும்.

இறக்குவதுதான் கணக்கு என்றால், கடைசி மாதத்தில் எல்லாரும் தொட்டியை நிரப்பி வைப்பார்கள். மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் ஊர்களில் பல மாதத்துக்கான சரக்கை ஒரே தடவையில் இறக்குவது வழக்கம்தான், அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அதனால் தணிக்கைக்காரர் அளவை மட்டும் வைத்துச் சந்தேகப்படக் கூடாது. தொட்டியின் பாதுகாப்பான கொள்ளளவு, முந்தைய ஆண்டுகளில் அதே பருவத்தில் இறக்கிய அளவு, இறக்குமுன் டிப் ராடு (தொட்டிக்குள் விட்டு அளக்கும் கோல்) காட்டிய அளவு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொள்ளளவிலிருந்து முன்னிருப்பைக் கழித்தால் வருவதைவிட ரசீதில் அதிகம் இருந்தால், அந்த எரிபொருள் வேறெங்கோ இறங்கியிருக்கிறது என்று பொருள்.

சில்லறை விற்பனைதான் கணக்கு என்றால் நள்ளிரவில் தொட்டியில் மிச்சம் இருப்பதைக் கழித்தாக வேண்டும். அதற்கு அன்றைய இரவு டிப் அளவும் பம்ப் மீட்டர் எண்ணும் எழுதி வைத்திருக்க வேண்டும். நீக்கச் சட்டம் வந்த பிறகு கேட்டால் எங்கிருந்து கொடுப்பார்கள்? குறைந்தது ஒரு மாதம் முன்பே எழுத்துமூலம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வெப்பநிலைத் திருத்தம். 35 டிகிரியில் ஏற்றிய 20,000 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரிக்குத் திருத்தினால் சுமார் 480 லிட்டர் குறையும். டீசல் என்றால் குறைவு 330 லிட்டர் அளவில் இருக்கும். கோரிக்கையை ஒருவர் திருத்திய லிட்டரிலும் மற்றவர் திருத்தாத லிட்டரிலும் போட்டிருந்தால், ஒரு லோடுக்கு வித்தியாசம் சில டாலர்தான். ஐந்து ஆண்டுத் தணிக்கையில் அதுவே "மிகையாகப் பெற்ற தொகை" என்று பெரிதாக வந்து நிற்கும். எந்த லிட்டர் என்று நிறைவுக் கோரிக்கைப் படிவத்திலாவது தெளிவாக எழுதிவிட வேண்டும்.

பொதுநிதி

டேங்கர்கணக்கு சொன்னதற்கு மேல் ஒன்று. நிறைவுக் கோரிக்கை சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது?

இந்த வகைச் சட்டங்களில் நிரந்தர நிதி ஒதுக்கம் சட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கேட்க வேண்டாம், சட்டம் இருக்கும்வரை பொது நிதியிலிருந்து எடுக்கலாம். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 83-ஆம் பிரிவு, சட்டத்தின் ஒதுக்கம் இல்லாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை நீக்கினால் ஒதுக்கமும் போய்விடுகிறது. விநியோகஸ்தரின் உரிமை பிழைத்திருக்கிறது என்று பொருள்கோள் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரி "ஒதுக்கம் எங்கே?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

எனவே காப்புப் பிரிவில் (நீக்கத்துக்குப் பிறகும் எவை தொடரும் என்று சொல்லும் பிரிவு) உரிமையைக் காப்பாற்றுவதோடு நிற்கக் கூடாது. "நீக்கத்துக்கு முன் எழுந்த கோரிக்கைகளுக்கான தொகைக்கு, நீக்கப்பட்ட சட்டத்தின் ஒதுக்கம் இன்ன தேதிவரை தொடரும்" என்று தனி வரி வேண்டும். தேதி முக்கியம். இல்லாவிட்டால் நீக்கிய சட்டத்தின் ஒதுக்கம் முடிவே இல்லாமல் உயிரோடு இருக்கும்.

வரிசையும் முக்கியம். மத்தியச் சட்டத்தை முதலில் நீக்கினால், மாநிலம் தன் சட்டப்படி விநியோகஸ்தருக்குக் கடன்பட்டிருக்கும், ஈடுசெய்ய யாரும் இருக்க மாட்டார்கள். மாநிலச் சட்டத்தை முதலில் நீக்கினால் மத்தியப் பணம் வரும், கொடுக்கும் கை இருக்காது. சரியான வரிசை இது: திட்டத்தைத் திருத்தி மானியக் கடைசி நாளை வைப்பது, கோரிக்கைக்கு ஆறு மாதம் தருவது, தணிக்கையை முடிப்பது, மாநிலம் வசூலித்த மிகைத் தொகையை மத்திய அரசுக்குத் திருப்புவது, அதன் பிறகு மாநிலச் சட்டத்தையும், எல்லா மாநிலமும் முடித்த பின் மத்தியச் சட்டத்தையும் நீக்குவது. கடைசி மாநிலம் இழுத்தடித்தால் எல்லாம் நிற்கும் என்பது உண்மை. அதற்காக, "பிரகடனம் செய்யும் நாளில், எப்படியும் 12 மாதம் முடிவதற்குள்" என்று உச்ச வரம்பு போடலாம்.

தென்கடல்

நீங்கள் மூவரும் "நீக்குவது எப்படி" என்று நேராகப் போய்விட்டீர்கள். நீக்கத்தான் வேண்டுமா?

இந்த 1965 சட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். விட்லம் அரசு 1974-இல் மானியத்தை நிறுத்தியது. 1978-இல் பிரேசர் அரசு மறுபடி கொண்டுவந்தது. சட்டம் ஏட்டில் இருந்ததால் திருத்தம் செய்து ஓட்ட முடிந்தது. அடியோடு நீக்கியிருந்தால் மத்தியில் ஒன்றும் மாநிலந்தோறும் ஒன்றும் புதிதாக இயற்றியிருக்க வேண்டும். தொலைதூர மக்களுக்கு வாக்கு எண்ணிக்கை குறைவு. அவர்களுக்காக நாடாளுமன்ற நேரம் இரண்டாம் முறை கிடைப்பது கடினம். பணம் ஓடாத குழாய் தரையில் கிடப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

வரைவுமேசை

தென்கடல், உங்கள் வாதத்தின் பலம் எனக்குப் புரிகிறது. அதில் இரண்டு இடத்தில் மாறுபடுகிறேன்.

ஒன்று, 1978-இல் அப்படியே குழாயைத் திறந்துவிடவில்லை. நாடாளுமன்றத்துக்கு வந்து சட்டத்தைத் திருத்தினார்கள். இடையில் போனது நான்கு ஆண்டுதான். பல பத்தாண்டு கிடந்த சட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு, நஷ்டம் இருக்கிறது. அமைச்சர் திட்டம் வகுத்தால் போதும், நிரந்தர ஒதுக்கத்திலிருந்து பணம் போகும் என்ற அதிகாரம், எந்த உறுப்பினரும் நினைவில் வைத்திராத ஒரு சட்டத்தில் கிடக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று அவை ஒருமுறைகூட விவாதிக்காமல் தொடங்க முடியும். நல்ல நோக்கத்துக்காகத் தொடங்கினாலும் அது சரியான வழி இல்லை. தொலைதூர மக்களுக்கு இன்று மானியம் தேவை என்றால் இன்றைய விலை, இன்றைய பாதை, இன்றைய மக்கள்தொகையை வைத்து அவையில் கேட்டு வாங்க வேண்டும். பழைய சட்டம் அங்கே இருப்பது, "ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே" என்று தட்டிக்கழிக்கத்தான் உதவும்.

டேங்கர்கணக்கு

குழாய் உவமையை வைத்தே சொல்கிறேன், அந்தக் குழாயின் தலைப்பக்கம் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது.

சரக்குக் கட்டண வித்தியாசம் கணக்கிட ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். பழைய கணக்கில் அது தலைநகரத்துச் சுத்திகரிப்பு ஆலையோ கடலோர முனையமோ. ஆஸ்திரேலியாவில் போர்ட் ஸ்டான்வாக் ஆலை 2003-இல் ஓட்டத்தை நிறுத்தியது. கிளைட் 2012, கர்னல் 2014, புல்வர் ஐலண்ட் 2015, க்வினானாவும் ஆல்ட்டோனாவும் 2021. மிச்சம் இருப்பது பிரிஸ்பேனில் லிட்டன், விக்டோரியாவில் ஜீலாங் இரண்டுதான். பெரும்பகுதி எரிபொருள் சுத்திகரித்தே கப்பலில் வருகிறது. எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறதோ அங்கிருந்துதான் டேங்கர் புறப்படும்.

இதன் விளைவு என்ன? துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்தும் பழைய அட்டவணையில் "தொலைதூரம்" என்று ஓர் ஊர் இருக்கலாம், தலைநகரத்திலிருந்து அளந்ததால். புதிய சுரங்கக் குடியிருப்பு ஒன்று உண்மையிலேயே எட்டாத இடத்தில் இருந்தும் அட்டவணையில் பெயரே இருக்காது. ரயிலில் டிரம் ஏற்றிப்போன காலத்துக் கட்டணத்தை வைத்து விகிதம் போட்டிருந்தால், அந்த ரயில் பாதை இன்று இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். மானியத்தை மறுபடி தொடங்குபவர் அட்டவணையை முதல் வரியிலிருந்து எழுதியாக வேண்டும். எழுதும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான், சட்டத்தின் பத்துப் பிரிவு அல்ல.

4 பென்னி வரம்பையும் பாருங்கள். 1966 பிப்ரவரி 14-இல் தசம நாணயம் வந்தபோது அது கேலனுக்கு மூன்றேகால் சென்ட்டுக்குச் சற்று மேல். லிட்டருக்கு மாற்றினால் 0.73 சென்ட். இன்றைய பங்க்கில் ஒரே தெருவில் இரண்டு கடைக்கு இடையில் அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். அந்த வரம்பை யாரும் இன்று கொள்கையாக முன்வைக்க மாட்டார்கள்.

அரசிதழ்வாசகன்

இந்தியாவோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் துலங்கும். அங்கே 2002 ஏப்ரல் 1-இல் எரிபொருள் விலையை அரசே நிர்ணயித்த நிர்வாக விலை முறை முடிவுக்கு வந்தபோது, ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் வீட்டுச் சமையல் எரிவாயுவுக்கும் ஒரு மானியத் திட்டம் வந்தது. கூடவே தொலைதூரப் பகுதிகளுக்கான சரக்குக் கட்டண மானியத் திட்டம் 2002 என்று இன்னொன்றும் வந்தது. இரண்டும் நாடாளுமன்றச் சட்டம் அல்ல, அரசின் திட்டங்கள். பணம் ஆண்டு பட்ஜெட்டில் வரும். நிறுத்துவதற்கு நீக்க மசோதா தேவை இல்லை.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பாதுகாப்பும் அந்த அளவுக்குத்தான். 1897 பொது வாசகங்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, நீக்கப்பட்ட சட்டத்தின்கீழ் ஏற்கெனவே எழுந்த உரிமையையும் பொறுப்பையும் காக்கிறது. அது மத்தியச் சட்டத்துக்கும் ஒழுங்குமுறைக்கும்தான், விதிகளுக்கு அல்ல என்று கோலாப்பூர் கேன்சுகர் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொன்னது. விதிக்கே அந்த நிலை என்றால் நிர்வாகத் திட்டத்துக்கு என்ன கிடைக்கும்? திட்டத்தை நிறுத்தும் ஆணையிலேயே நிலுவைக் கோரிக்கையைப் பற்றி எழுதாவிட்டால் விநியோக நிறுவனம் கையில் ரசீதோடு நிற்க வேண்டியதுதான்.

தென்கடல் கேட்டதற்கும் இதில் விடை இருக்கிறது. சட்டமாக இருந்தால் நீக்கும்போதாவது அவையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு. நீக்கும் நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பொதுநிதி

அரசிதழ்வாசகன் சொன்ன 6-ஆம் பிரிவுக்கு இணையானது ஆஸ்திரேலியாவில் 1901 சட்டப் பொருள்கோள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பிரிட்டனில் 1978 பொருள்கோள் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. மூன்றிலும் மொழி ஏறக்குறைய ஒன்றே. "எழுந்துவிட்ட உரிமை" காப்பாற்றப்படும். கோரிக்கை போடாத விநியோகஸ்தருக்கு உரிமை எழுந்துவிட்டதா? இதைப் பற்றி வரைவுமேசை எழுதினால் நன்றாக இருக்கும்.

வரைவுமேசை

எழுதுகிறேன், நீக்கச் சட்டங்களில் அதிகம் தவறுவது இங்கேதான்.

1895-இல் அபட் எதிர் நில அமைச்சர் வழக்கில் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு மன்றம்) சொன்னது: ஒரு சட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு எல்லாருக்கும் இருந்தது என்பது மட்டும் எழுந்துவிட்ட உரிமை ஆகாது. பயன்படுத்திக்கொள்ள ஏதாவது செய்திருக்க வேண்டும். 1961-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹோ போ சாங் வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். அதிகாரி பரிசீலித்துத் தனக்குச் சாதகமாக முடிவு செய்வார் என்ற நம்பிக்கையும் உரிமை அல்ல.

இதை மானியத்துக்குப் பொருத்திப் பாருங்கள். எரிபொருளை விற்றாயிற்று, கோரிக்கை போடவில்லை. சட்டம் "விற்றவருக்குக் கொடுக்கப்பட வேண்டும்" என்றால் உரிமை எழுந்துவிட்டது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. "அமைச்சர் திருப்தி அடைந்தால் கொடுக்கலாம்" என்றால் அந்த இடம் மிகவும் சுருங்கிவிடும். ஒரே திட்டத்தின்கீழ் ஒரே நாளில் விற்ற இருவரில், கோரிக்கை போட்டவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். பொதுச் சட்டத்தை நம்பாமல், கடைசி நாளுக்கு முந்தைய விற்பனை அனைத்துக்கும், கோரிக்கை வந்ததோ இல்லையோ, பழைய சட்டமே பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இதைவிடக் கவனத்துக்கு வராதது ரகசியக் காப்பு. மானியக் கோரிக்கையில் யார் எந்த ஊருக்கு எத்தனை லிட்டர் விற்றார் என்பது இருக்கும். தொலைதூர ஊரில் ஒரே பங்க்தான், அதனால் ஊரின் எண்ணிக்கை என்பது அந்தக் கடையின் வியாபாரம். இதை வெளியிடும் அதிகாரிக்குத் தண்டனை உண்டு என்று பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கும். நீக்கத்துக்குப் பிறகு நடக்கும் வெளியீட்டுக்கு அந்தத் தண்டனை பொருந்துமா? பொதுக் காப்பு, நீக்கத்துக்கு முன் செய்த குற்றத்துக்கான தண்டனையைக் காக்கிறது. பின்னால் செய்யும் வெளியீட்டைக் குற்றமாக்க அதை நம்ப முடியாது. கோப்புகள் அலமாரியில் இருக்கும், அவற்றைக் காத்த பிரிவு இருக்காது. ரகசியக் காப்புப் பிரிவு நீக்கத்துக்குப் பிறகும் தொடரும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

ஆய்வாளரின் அதிகாரமும் அப்படியே. நிலுவைப் பொறுப்பை விசாரிக்கலாம் என்று பொதுச் சட்டம் சொல்லும். ஆனால் விசாரிக்கும் அதிகாரியை நியமித்த பிரிவு போய்விட்டதே, புதிய அதிகாரியை யார் நியமிப்பது? பழையவர் ஓய்வு பெற்றதும் தணிக்கை நிற்கும். இதற்கும் ஒரு வரி.

ரேகைக்கோடு

வரைபடம், இடப்பெயர் தரவு பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. ஊர் அட்டவணையை வேறு யாரெல்லாம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று தேடாமல் நீக்காதீர்கள்.

தொலைதூர ஊர்களின் பட்டியல் தயாராகக் கிடைப்பது அரிது. அதனால் ஒரு துறை தயாரித்ததை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்: மின் கட்டண விதி, ஊழியர் இடர்ப்படி ஆணை, சரக்கு ஒப்பந்தம், சுரங்கக் குத்தகை. "மானியச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட இடம்" என்று அவற்றில் ஒரு வரி இருக்கும். சட்டம் போனால் அந்த வரி எதைச் சுட்டும்?

சட்டத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் சிக்கும். சட்ட எண்ணும் ஆண்டும், திட்டத்தின் புழக்கப் பெயர், சட்டத்துக்கு முந்தைய பெயர் இருந்தால் அது, வரையறுத்த சொற்கள் (தகுதியுள்ள இடம், பதிவு பெற்ற விநியோகஸ்தர் போன்றவை), இவை எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். துணைச் சட்டங்கள், அரசிதழ் அறிவிப்புகள், படிவங்கள் மூன்றிலும் தேட வேண்டும். தனியார் ஒப்பந்தத்தைத் தேட முடியாது. அதற்காக, "வேறு ஆவணத்தில் உள்ள குறிப்பு, நீக்கத்துக்கு உடனடி முன் இருந்த அட்டவணையைக் குறிப்பதாகக் கொள்ளப்படும்" என்று ஒரு பிரிவு வைத்து, அந்தக் கடைசி அட்டவணையை நிரந்தரமாகக் கிடைக்கும் இடத்தில் வெளியிட வேண்டும்.

வெளியிடும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. பெயர் மாறும், ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும், நெடுஞ்சாலை பங்க் ஒன்று ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் புதிய சாலைக்கு மாறியிருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை சேர்த்துப் போட்டால் பின்னால் சண்டை இல்லை.

டேங்கர்கணக்கு

ஒப்பந்தம் என்றதும் இதையும் சேர்த்துவிடுகிறேன். குயின்ஸ்லாந்து மாநிலம் 1997-லிருந்து லிட்டருக்கு எட்டு சென்ட்டுக்குச் சற்று மேல் மானியம் கொடுத்தது. காரணம், அந்த ஆண்டு ஹா எதிர் நியூ சவுத் வேல்ஸ் தீர்ப்பால் மாநிலங்களின் எரிபொருள் உரிமக் கட்டணம் விழுந்தது. மத்திய அரசு கலால் வரியை நாடு முழுக்க 8.1 சென்ட் உயர்த்தி மாநிலங்களுக்குக் கொடுத்தது. உரிமக் கட்டணமே வாங்காத குயின்ஸ்லாந்தில் மக்கள் புதிதாக அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருந்ததால் மானியமாகத் திருப்பினார்கள். 2009 ஜூலை 1 முதல் அது நின்றது. நியூ சவுத் வேல்ஸ் தன் வட எல்லையில், எல்லையிலிருந்து தள்ளிப் போகப் போகக் குறையும் மண்டலங்களாக ஒரு மானியம் வைத்திருந்தது. பக்கத்து மாநிலத்தில் மலிவாகக் கிடைப்பதைச் சமாளிக்கத்தான் அது. அங்கே நின்றதும் இங்கேயும் காரணம் போய்விட்டது. ஒன்றை நீக்கும்போது அதைச் சார்ந்த இன்னொன்றைத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஒப்பந்தச் சிக்கல் என்னவென்றால், நீண்டகால எரிபொருள் ஒப்பந்தத்தில் "வரி, தீர்வை மாறினால் விலை மாறும்" என்று இருக்கும். மானியம் நிற்பது வரி மாற்றமா? வாங்குபவர் இல்லை என்பார், விற்பவர் ஆம் என்பார். உள்ளாட்சி மன்றம் மூன்றாண்டு நிலையான விலைக்கு டீசல் ஒப்பந்தம் போட்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? நீக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு வைக்கலாம்: மானியம் கழித்து நிர்ணயித்த விலையில், நின்றுபோன மானியத் தொகையை விற்பவர் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் சேர்க்கக் கூடாது. பின் பாதி முக்கியம். இல்லாவிட்டால் 2 சென்ட் மானியம் நின்றதற்கு 5 சென்ட் ஏற்றுவார்கள், ஒரே பங்க் உள்ள ஊரில் கேட்க ஆள் இல்லை.

தென்கடல்

சட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்ற என் வாதத்தைக் கைவிடுகிறேன். அட்டவணை செத்துவிட்டது என்ற பிறகு அதில் சாரம் இல்லை. ஆனால் நீக்கத்தோடு கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட மாட்டேன்.

பழைய மானியங்கள் போன இடத்தில் இருப்பது 2006 ஜூலை 1-இல் வந்த எரிபொருள் வரி வரவு, அதாவது எரிபொருளில் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் முறை. அது தொழில் செய்பவர்களுக்கானது. சுரங்கமும் பண்ணையும் தம் இயந்திரங்களுக்கு ஊற்றும் டீசலுக்கு வாங்கிக்கொள்ளும். பொதுச் சாலையில் ஓடும் வண்டி என்றால் 4.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை வேண்டும். மருத்துவமனைக்கு 300 கிலோமீட்டர் தன் காரில் போகும் குடும்பத்துக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. சரக்கு சேவை வரியோடு 2000 ஜூலையில் வந்த எரிபொருள் விற்பனை மானியம், நகரத்துக்கு வெளியே லிட்டருக்கு 1 சென்ட், தொலைதூரத்துக்கு 2 சென்ட் கொடுத்தது. அதுவும் 2006-இல் முடிந்தது. விளக்கக் குறிப்பில் "இச்சட்டத்தின் நோக்கம் வேறு வழிகளில் நிறைவேற்றப்படுகிறது" என்று எழுதுவார்கள். யாருக்கு நிறைவேறுகிறது, யாருக்கு இல்லை என்று பிரித்து எழுத வேண்டும். அது உண்மை சொல்வது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 2012 மார்ச் முதல் ஹெப்ரிடீஸ், வட தீவுகள், கிளைடு தீவுகள், சில்லி தீவுகளில் லிட்டருக்கு 5 பென்ஸ் கிராமப்புற எரிபொருள் தீர்வைச் சலுகை இருக்கிறது. 2015-இல் பெருநிலத்தின் 17 பகுதிகளுக்கும் விரித்தார்கள். பதிவு செய்துகொண்ட சில்லறை விற்பனையாளர் விலையைக் குறைத்து விற்றுவிட்டு வரித்துறையிடம் திரும்பப் பெறுகிறார். 1965 முறையில் பணம் விநியோகஸ்தர் கைக்குப் போகும், பம்ப் விலையில் இறங்கியதா என்று யாரும் கடையில் போய்ப் பார்க்க மாட்டார்கள். புதிதாக ஒன்று வருமானால் சில்லறை முனையில் வரட்டும், விலைப் பலகையில் சலுகைக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு எண் இருக்கட்டும்.

வரைவுமேசை

தென்கடல் சொன்ன விளக்கக் குறிப்பு விஷயத்தை முழுமையாக ஏற்கிறேன். இழையில் வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு வரைவு கீழே. தேதிகளும் கால அளவும் மாதிரிக்குத்தான்.

1\. இச்சட்டம் பிரகடனம் செய்யும் நாளில் நடைமுறைக்கு வரும். ஒப்புதல் பெற்று 12 மாதத்துக்குள் பிரகடனம் செய்யாவிட்டால் அந்த 12 மாதம் முடிந்த மறுநாள் நடைமுறைக்கு வரும்.

2\. முதன்மைச் சட்டமும் (மானியச் சட்டம்) அதன்கீழ் வகுத்த திட்டமும் அட்டவணையும் நீக்கப்படுகின்றன.

3\. மானியக் கடைசி நாளன்றோ அதற்கு முன்போ தகுதியுள்ள இடத்தில் இறக்கிய எரிபொருளுக்கு, கோரிக்கை தாக்கலானாலும் இல்லாவிட்டாலும், முதன்மைச் சட்டம் நீக்கப்படாததுபோலவே பொருந்தும். கோரிக்கையைக் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

4\. மூன்றாம் பிரிவின் தொகைகளுக்கு முதன்மைச் சட்டத்தின் நிதி ஒதுக்கம் நீக்க நாளிலிருந்து 18 மாதம் தொடரும், அதன் பிறகு முடிவுறும்.

5\. மிகையாகப் பெற்ற தொகையை வசூலிக்கவும், பதிவேடுகளைப் பார்வையிடவும், அதற்கான அலுவலரை நியமிக்கவும் உள்ள அதிகாரங்கள் ஐந்து ஆண்டு தொடரும். வசூலான தொகையை மாநிலம் 60 நாளுக்குள் மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டும்.

6\. ரகசியக் காப்புப் பிரிவும் அதை மீறுவதற்கான தண்டனையும் நீக்கத்துக்குப் பின் செய்யும் வெளியீட்டுக்கும் பொருந்தும்.

7\. பிற சட்டத்திலோ ஆவணத்திலோ உள்ள குறிப்பு, நீக்கத்துக்கு உடனடி முன் இருந்த அட்டவணையைக் குறிக்கும்.

8\. மானியம் கழித்து நிர்ணயித்த ஒப்பந்த விலையில், நின்ற மானியத்துக்குச் சமமான தொகையை மட்டும் சேர்க்கலாம்.

மூன்றாம் பிரிவில் "இறக்கிய" என்று போட்டிருப்பது டேங்கர்கணக்கு காட்டிய டிப் ராடு சான்று அங்கேதான் வலுவாக இருக்கும் என்பதால்.

அரசிதழ்வாசகன்

ஒரு சந்தேகம். முதன்மைச் சட்டமே அதற்கு முந்தைய ஒரு சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததாக இருந்தால், இதை நீக்கினால் அது உயிர் பெறுமா? ஒன்பதாவதாக ஒரு பிரிவு வேண்டுமா?

வரைவுமேசை

வேண்டாம். ஆஸ்திரேலியாவின் 7-ஆம் பிரிவும் பிரிட்டனின் 15-ஆம் பிரிவும் உயிர் பெறாது என்கின்றன. இந்தியாவில் 1897 சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உயிர்ப்பிக்க வேண்டுமானால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் முதன்மைச் சட்டம் வேறு சட்டங்களில் செய்த வாசகத் திருத்தங்கள் அப்படியே நிற்கும், அவை இதோடு போகாது. கலால் சட்டத்திலோ தணிக்கைச் சட்டத்திலோ "மானியச் சட்டத்தின்கீழ்" என்று செருகிய சொற்கள் இருந்தால் அவற்றைத் தனி அட்டவணையில் பிரிவு வாரியாக எடுத்தாக வேண்டும். ரேகைக்கோடு சொன்ன தேடலில் அவையும் சிக்கும், அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகுதான் மசோதாவை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.